ஸ்டென்ட் வைத்தவருக்கு ஒமெப்ரசோல் கொடுக்கலாமா?

கேள்வி: 3 மார்ச் 2025, இரவு 9.50

அப்பாவுக்கு வயது 63. ஜனவரியில் நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். குளோபிடோக்ரல் 75, ஆஸ்பிரின் 75, அட்டார்வாஸ்டாட்டின் 40, இன்னும் இரண்டு மாத்திரைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. போன வாரம் நெஞ்செரிச்சல் தாங்காமல் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனோம். ஒமெப்ரசோல் 20, காலையில் வெறும் வயிற்றில் என்று எழுதிக் கொடுத்தார். இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போட்டிருக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளுமாம். அப்பா பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன் என்கிறார். உண்மையா, புரளியா? மருந்துக் கடை அனுபவம் உள்ள அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 10.35

குளோபிடோக்ரலை நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரினையும் நிறுத்தக் கூடாது. இன்றைய மாத்திரை இன்னும் போடவில்லை என்றால் இப்போதே கொடுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், கடை சாத்துகிற நேரம்.

4 மார்ச், காலை

சரி தம்பி, இப்போது விவரமாக. முதலில் ஒன்று: நான் டாக்டர் இல்லை. டி.பார்ம் படித்துவிட்டு டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இதய டாக்டர் எழுதிய சீட்டும் தெரு டாக்டர் எழுதிய சீட்டும் ஒரே மேசையில் சந்திப்பது எங்கள் கவுண்டரில்தான். அதனால் இந்த மாதிரிக் கேள்விகள் எனக்குப் பழக்கம்.

சித்தப்பாவின் செய்தி முழுப் புரளி இல்லை. குளோபிடோக்ரலை விழுங்கும்போது அதற்கு எந்தச் சக்தியும் கிடையாது. உடம்புதான் அதை மருந்தாக மாற்ற வேண்டும். உள்ளே போனதில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒன்றுக்கும் உதவாத பொருளாக உடைந்து போய்விடும். மிச்சம் இருப்பதைக் கல்லீரல் இரண்டு படிகளில் மாற்றுகிறது. அந்த வேலையில் பெரிய பங்கு சிஒய்பி 2சி19 என்கிற என்சைமுக்கு. அப்படி உண்டாகும் பொருள், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களில் போய் ஒட்டிக்கொண்டு, அவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் தடுக்கிறது. ஒட்டினால் ஒட்டியதுதான். அந்தத் தட்டணு சாகும் வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை விடாது.

ஒமெப்ரசோலும் அதே என்சைமில்தான் உடைகிறது, உடைவதோடு அதை முடக்கியும் வைக்கிறது. ஆகக் குளோபிடோக்ரல் மருந்தாக மாறுவது குறைகிறது. 2008இல் பிரான்சில் ஸ்டென்ட் வைத்த 124 பேரிடம் சோதித்தார்கள். ஒமெப்ரசோல் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் குளோபிடோக்ரலின் வேலை தெளிவாகக் குறைந்திருந்தது. 2009 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று எச்சரித்தது. எசோமெப்ரசோலுக்கும் அதே எச்சரிக்கை.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது, டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, "இந்த கேஸ் மாத்திரை எழுதியிருக்கிறார்கள், மாற்றலாமா?" என்று கேட்பதுதான். பெரும்பாலும் பான்டோப்ரசோலுக்கு மாற்றுவார்கள். அது அந்த என்சைமை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

கேஸ் மாத்திரையே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து ஓடும் வயிற்றில் புண் இருந்தால் ரத்தம் கசிய ஆரம்பிக்கும், சுலபத்தில் நிற்காது. மலம் தார் மாதிரி கருப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

4 மார்ச், மதியம்

கீழே ஒருவர் "காலையில் ஒமெப்ரசோல், ராத்திரி குளோபிடோக்ரல், 12 மணி நேர இடைவெளி விட்டால் போதும், என் மாமனாருக்கு அப்படித்தான்" என்று எழுதியிருக்கிறார். போதாது. மாலையில் எழுதுகிறேன், கூட்டம்.

5 மார்ச்

மாலையில் எழுத முடியவில்லை, மின்தடை.

இந்த இடைவெளி விஷயம் எல்லோரையும் ஏமாற்றும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒமெப்ரசோல் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை, ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். அப்படியானால் ராத்திரிக்குள் களம் காலியாகிவிடும் அல்லவா? ஆகாது. டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற ஆள் இறங்கி டீ குடிக்கப் போனாலும் துண்டு சீட்டிலேயேதான் கிடக்கும். ஒமெப்ரசோல் அந்த மாதிரி. மருந்து வெளியேறிய பிறகும் என்சைம் முடங்கியபடியே இருக்கும். உடம்பு புது என்சைம் செய்துதான் ஈடுகட்ட வேண்டும். இதையும் சோதித்துப் பார்த்தார்கள். சேர்த்துக் கொடுத்தபோது செயல்படும் பொருள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 12 மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது.

இடைவெளி விட்டால் சரியாகிற ஜோடிகளும் உண்டு. அவை வயிற்றிலும் குடலிலும் மோதிக்கொள்பவை. தைராய்டு மாத்திரையும் கால்சியமும் நல்ல உதாரணம். கால்சியம் தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. இரும்புச் சத்து மாத்திரையும் அப்படியே. 4 மணி நேரம் தள்ளிப் போட்டால் சிக்கல் தீர்ந்தது. சிப்ரோஃப்ளாக்சசினையும் கால்சியத்தையும் இதே மாதிரி பிரித்துவிடலாம்.

என் வீட்டிலேயே இது நடந்தது. அம்மாவுக்கு டிஎஸ்எச் (தைராய்டு போதாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற அளவு) ஏறிக்கொண்டே போனது, டாக்டர் தைராய்டு மாத்திரையை 50இலிருந்து 75 ஆக்கினார், அப்புறம் 100. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், தைராய்டு மாத்திரை, எலும்பு டாக்டர் தந்த கால்சியம் இரண்டையும் ஒரே கையில் வைத்து, காப்பியோடு முழுங்குகிறார். "ரெண்டும் காலையிலதானடா போட்டிருக்கு" என்றார். இரண்டு சீட்டிலும் 1-0-0 என்றுதான் இருந்தது. இரண்டு டாக்டரும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றி, காப்பியை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தோம். அடுத்த பரிசோதனையில் டாக்டர் டோஸைக் குறைக்க வேண்டியதாயிற்று. காப்பியைத் தள்ளி வைத்ததற்காக அம்மா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆக, குடலில் மோதினால் நேரத்தை மாற்றலாம், கல்லீரலில் மோதினால் மருந்தைத்தான் மாற்ற வேண்டும். இந்த விதிக்கும் விலக்கு உண்டு, இருந்தாலும் கவுண்டரில் நின்று முதல் கேள்வி கேட்க இது போதும்.

6 மார்ச்

முந்தைய இரண்டு பதிவுகளையும் திரும்பப் படித்தேன். ஒமெப்ரசோலை எமன் மாதிரி எழுதிவிட்டதாகத் தோன்றுகிறது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நேற்று சொன்ன 40 சதவீதம், ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் ஒமெப்ரசோல் கொடுத்துப் பார்த்தது. உங்கள் அப்பாவுக்கு எழுதியது 20. அதைவிட முக்கியம், ரத்தத்தில் அளந்த எண் வேறு, மனிதருக்கு மாரடைப்பு வந்ததா இல்லையா என்பது வேறு. அதைப் பார்த்த பெரிய ஆய்வு கோஜென்ட். 2010இல் வெளியானது, 3,761 பேர். எல்லோருக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், பாதிப் பேருக்குக் கூடவே ஒமெப்ரசோல் 20, மீதிப் பாதிக்கு வெற்று மாத்திரை. இதயப் பிரச்சினை ஒமெப்ரசோல் பக்கம் 4.9 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 5.7. அதாவது கூடவில்லை. வயிற்றுப் பிரச்சினையோ 2.9 சதவீதத்திலிருந்து 1.1 ஆக இறங்கியது.

"அப்போ எஃப்டிஏ சொன்னது தப்பா?" என்று கேட்பீர்கள். அந்த ஆய்வை நடத்திய கம்பெனியிடம் பணம் தீர்ந்துபோய் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதனால் சின்ன அளவிலான தீங்கு இருந்திருந்தால் அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். அதோடு அவர்கள் கொடுத்தது இரண்டு மருந்தையும் ஒரே மாத்திரையில் தனிவிதமாக அடைத்தது, நாம் விற்கிற சாதாரண கேப்சூல் இல்லை. எச்சரிக்கை இன்னும் அப்படியே இருக்கிறது.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், இரண்டையும் பல மாதமாகச் சேர்த்துச் சாப்பிட்டு வந்தவர் ராத்திரி தூக்கம் கெட்டுப் படுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையைச் சரியாகச் செய்கிற பான்டோப்ரசோல் பக்கத்து டப்பாவிலேயே இருக்கும்போது, சந்தேகத்துக்குரியதை ஏன் எடுக்க வேண்டும்? ரேபிப்ரசோலும் பெரும்பாலும் என்சைம் இல்லாத வழியில் உடைவதால் பல டாக்டர்கள் அதை எழுதுகிறார்கள்.

9 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி சீட்டைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். நல்லது. ஆனால் படத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு "டி" தெரிகிறதே, அதைக் கவனித்தீர்களா?

அந்த டி டோம்பெரிடோன். எங்கள் பகுதியில் எந்தச் சீட்டாக இருந்தாலும், காலில் முள் குத்தியதற்கு எழுதியதாக இருந்தாலும், கடைசி வரி என்ன என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். பான்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் கலந்த கேப்சூல். அதில் மெதுவாகக் கரைகிற டோம்பெரிடோன் 30 மில்லிகிராம் இருக்கும். குமட்டல், வாந்திக்கு நல்ல மருந்துதான். ஆனால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் கை வைக்கும். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014இல் இதற்குக் கடிவாளம் போட்டது: ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது, ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாக வேண்டாம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. கிளாரித்ரோமைசின் (கிருமிக்கு), கீட்டோகோனசோல் (பூஞ்சைக்கு) மாதிரி மருந்துகளோடு சேர்க்கவும் கூடாது. அவை டோம்பெரிடோனை உடைய விடாமல் ரத்தத்தில் ஏற்றிவிடும்.

உங்கள் அப்பாவுக்கு வாந்தி இல்லை, நெஞ்செரிச்சல்தான். டி இல்லாத வெறும் பான்டோப்ரசோல் போதுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். விலையும் குறையும். இதை எழுதியதற்கு எனக்குக் கமிஷன் குறையும், பரவாயில்லை.

9 மார்ச், இரவு

கிளாரித்ரோமைசின் என்றதும் ஞாபகம் வந்தது. வயிற்றில் எச். பைலோரி கிருமி இருக்கிறது என்று எண்டோஸ்கோப்பிக்குப் பிறகு "கிட்" ஒன்று எழுதுவார்கள், அதில் கிளாரித்ரோமைசின் இருக்கும். அட்டார்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் கொழுப்பு மாத்திரை ரத்தத்தில் ஏறி, தசை வலி, அரிதாகத் தசையே சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அளவுக்குப் போகும். கிட் ஓடுகிற நாட்களில் கொழுப்பு மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்வார், அவரிடம் சொன்னால். சொல்ல வேண்டும்.

15 மார்ச்

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், கேள்வியை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கடையிலும் இது வாரம் தவறாமல் வருகிறது. வருகிறவர் முதலில் இருமல் மருந்து கேட்பார். அப்புறம் பல்பொடி. கடையில் ஆள் குறைந்ததும் குரல் இறங்கும்.

ஆண்மைக் குறைவுக்குப் போடுகிற சில்டனாஃபிலும், நெஞ்சுவலிக்குத் தருகிற நைட்ரேட்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற ஐசோசார்பைடு, அல்லது தினமும் சாப்பிடுகிற ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், இதில் எது இருந்தாலும் சில்டனாஃபில் கூடாது. "கொஞ்சமா போட்டா?" கூடாது. "நாளைக்கு ஒன்னு, இன்னைக்கு ஒன்னு?" சில்டனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கூடாது, அதே வகை மருந்தான டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம். இரண்டும் ரத்தக் குழாயைத் தளர்த்துபவை. சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கும். நெஞ்சுவலிக்குத் தருகிற நிகோரண்டிலுக்கும் இதே தடை. அது நம்மூரில் நிறைய ஓடுகிறது, பெயரில் நைட்ரேட் என்று இல்லாததால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இந்த ஜோடியில் ஒரு வேடிக்கை: இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் இருந்த ஃபைசர் ஆய்வுக்கூடத்தில் சில்டனாஃபிலை முதலில் சோதித்ததே நெஞ்சுவலிக்காகத்தான். அதற்குப் பெரிதாகப் பயன்படவில்லை. சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன பக்க விளைவுதான் பிழைப்பாகிவிட்டது.

விளையாட்டாக இல்லாமல் ஒன்று. சில்டனாஃபில் போட்டவருக்கு நெஞ்சுவலி வந்தால் நாக்கடி மாத்திரையைத் தொடாமல் 108ஐக் கூப்பிடுங்கள், என்ன போட்டோம் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.

2 ஏப்ரல்

ஒருவர் கேட்டார்: "எங்க தெருவில் ஒருத்தர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் இரண்டாவது முறை அடைப்பு வந்தது. அவர் ஒமெப்ரசோலே தொட்டதில்லை. அப்புறம் ஏன்?"

அந்த மனிதருக்கு என்ன காரணம் என்று யாராலும் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தம் உள்ள விஷயம் ஒன்று இருக்கிறது. சிலருக்குப் பிறப்பிலேயே அந்த 2சி19 என்சைம் சரியாக வேலை செய்யாது. ஒமெப்ரசோல் செய்கிற வேலையை மரபணுவே செய்துவிடுகிறது. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழர்களிடமே இதைப் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். இந்த மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும். அவர்கள் பார்த்த பிரதிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் வேலை செய்யாத முக்கிய வடிவம். ஐரோப்பியர்களிடம் அது ஏறத்தாழ 15 சதவீதம். அந்த ஆய்வு வந்த காலத்தில் குளோபிடோக்ரலுக்காக யாரும் இதை யோசிக்கவில்லை. இரண்டு பிரதியும் வேலை செய்யாதவர்களுக்குப் பலன் குறையும் என்று எஃப்டிஏ 2010இல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது.

உடனே எல்லோரும் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். யாருக்குத் தேவை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிராசுக்ரல், டிக்காக்ரெலர் என்ற மாற்று மருந்துகள் இந்த என்சைமை நம்பி இல்லை. அவற்றுக்கு ரத்தக் கசிவு ஆபத்து கூடுதல், விலையும் கூடுதல். டிக்காக்ரெலருக்கு வேறு எதிரிகள் உண்டு: கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் அதை ஏற்றிவிடும், டிபிக்குத் தருகிற ரிஃபாம்பிசின் அதை இறக்கிவிடும். அதோடு சாப்பிடும் ஆஸ்பிரின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

என்சைம் சோம்பேறியாக இருப்பவர்களுக்கு ஒரே ஒரு லாபம்: ஒமெப்ரசோல் உடையாமல் அதிக நேரம் தங்கும், நெஞ்செரிச்சலுக்கு நன்றாகக் கேட்கும்.

11 ஏப்ரல்

கடையில் இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். இந்த ஜோடி எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் வராது.

ஒரு அம்மா வந்தார், சில மாதம் முன்பு ஸ்டென்ட் வைத்தவர். மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கும்போதே வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. நாற்காலியில் உட்கார வைத்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். "இப்போல்லாம் அடிக்கடி இப்படி வருதுய்யா, இதய ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு பலவீனம் போல" என்றார். பையில் இரண்டு சீட்டு. ஒன்றில் குளோபிடோக்ரல். இன்னொன்று சுகர் டாக்டருடையது, ஸ்டென்ட்டுக்கு முன்பிருந்தே ஓடுவது. அதில் ரெபாக்ளினைடு, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை.

குளோபிடோக்ரல் வழக்கமாகத் தாக்குதலுக்கு ஆளாகிற மருந்து. இங்கே அதுவே தாக்குகிறது. அது உடைந்து உண்டாகும் ஒரு பொருள், 2சி8 என்கிற இன்னொரு என்சைமை முடக்குகிறது. ரெபாக்ளினைடு உடைவது அந்த என்சைமில். தினசரி 75 மில்லிகிராம் குளோபிடோக்ரலிலேயே ரெபாக்ளினைடின் அளவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று அளந்திருக்கிறார்கள். அவர் பழைய டோஸையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், உடம்போ நான்கு மடங்கு மருந்தை வைத்துக்கொண்டிருந்தது.

சுகர் டாக்டருக்குப் போன் போட்டேன். முதலில் எரிச்சல்பட்டார், பிறகு "ஸ்டென்ட் வெச்சதே எனக்குத் தெரியாதே" என்றார். வேறு மாத்திரைக்கு மாற்றிவிட்டார். அந்த அம்மாவைக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "அவரு சுகருக்குத்தானேய்யா பாக்குறாரு."

7 மே

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது, இனி மூட்டு வலி மாத்திரை பற்றி எழுத நல்ல நேரம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும். ஆஸ்பிரின் தட்டணுவுக்குள் போய் உட்கார வேண்டிய இடத்தில் இபுப்ரோஃபென் முந்திக்கொண்டு உட்கார்ந்தால், ஆஸ்பிரினுக்கு இடமில்லாமல் கொஞ்ச நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். அன்றைய இதயப் பாதுகாப்பு வீண். எஃப்டிஏ 2006இல் சொன்ன வழி: ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரம் கழித்து இபுப்ரோஃபென், அல்லது இபுப்ரோஃபென் போட்டு 8 மணி நேரத்துக்கு மேல் கழித்து ஆஸ்பிரின். இதைப் படித்துவிட்டு நேரம் குறித்துவைக்க ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கணக்கு உடனே கரைகிற ஆஸ்பிரினுக்கு. நம்மூரில் இதயத்துக்குத் தருவது பெரும்பாலும் குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்டது. அதற்கு அந்த அரை மணிக் கணக்கு பொருந்தாது. டைக்ளோஃபெனாக் ஆஸ்பிரினை இப்படி மறிப்பதில்லை, ஆனால் அதுவே இதய நோயாளிக்கு ஆகாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு டாக்டரைக் கேட்டு பாரசிட்டமால் பக்கம் போவதே மேல்.

அடுத்தது பிரஷர் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்ட்டன் என்று எழுதி அதற்குப் பின்னால் "எச்" என்று இருந்தால், நீர் பிரியும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடும் உள்ளே இருக்கிறது. அதோடு ஒரு வலி மாத்திரையும் சேர்ந்தால் மூன்று பக்கத்திலிருந்து சிறுநீரகத்துக்கு நெருக்கடி. ஒன்று உடம்பு நீரைக் குறைக்கும், ஒன்று வடிகட்டிக்குள் போகும் ரத்தத்தைச் சுருக்கும், இன்னொன்று அங்கே தேவையான அழுத்தத்தைத் தளர்த்தும். பிரிட்டனில் பிரஷர் மருந்து சாப்பிடுகிற 4.87 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. மூன்றும் சேர்ந்தபோது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடுதல், முதல் 30 நாட்களில் 82 சதவீதம் கூடுதல்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். இந்த மூன்றும் ஓடுகிற ஒருவர் களத்து மேட்டில் நாள் முழுக்க வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் எந்தப் பக்கம் போகும்? எங்கள் கடைக்கு வருகிற அரிவாள் பிடித்த தாத்தா ஒருவர் "முட்டிக்கு ஒரு ஊசி போட்டுட்டு வேலைக்குப் போயிடுவேன்" என்பார். இந்த வருடம் அவருக்கு ஊசிக்குப் பதில் தைலம்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

8 மே

"அரிவாள் பிடித்த தாத்தா" என்று எழுதியதற்கு மூன்று பேர் பயந்து செய்தி அனுப்பியிருக்கிறார்கள். கதிர் அரிவாள்.

19 ஜூன்

ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம், ஒரே மருந்து தன்னோடு தானே மோதுவதை விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் ஒரு கம்பெனிப் பெயரில் குளோபிடோக்ரல், வெளியே இன்னொரு கம்பெனிப் பெயரில் குளோபிடோக்ரலும் ஆஸ்பிரினும் கலந்தது. நோயாளிக்கு நிறம் வேறு, பெயர் வேறு, ஆகவே மருந்தும் வேறு. இரண்டையும் சாப்பிடுவார். பல் தேய்க்கும்போது ரத்தம், கையில் காரணமில்லாமல் நீலத் திட்டு, இப்படித்தான் தெரியவரும். சுகர் மாத்திரையிலும் இது நிறைய நடக்கிறது.

இதற்கு எங்கள் தொழிலும் உடந்தை. பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுத்தால் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். முழு அட்டையாகவே கேளுங்கள், முடியாவிட்டால் வெட்டிய துண்டைப் போட்ட உறையின் மேல் மருந்தின் மூலப் பெயரை எழுதச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பது அதுதான். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்குகிறவர்களுக்கு அந்தப் பெயரே பெரிதாகத் தெரியும், இந்த ஒரு விஷயத்தில் அது வசதி.

டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டு போகாமல் மாத்திரைப் பையையே தூக்கிக்கொண்டு போங்கள். சீட்டில் இல்லாதது பையில் இருக்கும்: சித்த மருந்துச் சூரணம், மருமகள் வாங்கித் தந்த சத்து மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று தந்த வலி மாத்திரை.

மருந்தால் ஏதாவது கோளாறு வந்தது என்று சந்தேகப்பட்டால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே பதிவு செய்யலாம், இந்திய அரசின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தினுடையது. டாக்டர்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

23 ஆகஸ்ட்

தம்பி திரும்ப வந்திருக்கிறார். அப்பா நன்றாக இருக்கிறார், நெஞ்செரிச்சல் இல்லை, இப்போது கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டுமாம். பல் டாக்டர் "ரத்தம் நீர்க்கிற மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திட்டு வாங்க" என்றாராம்.

நிறுத்துவதற்கு முன் இதய டாக்டரைக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பல் பிடுங்குவதற்குப் பொதுவாக இவற்றை நிறுத்துவதில்லை. பஞ்சை வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் தையல் போட்டு அந்த இடத்திலேயே ரத்தத்தை நிறுத்தப் பார்ப்பார்கள். பல் டாக்டரிடம் இதய டாக்டரின் நம்பரைக் கொடுத்துவிடுங்கள், அவர்களே பேசிக்கொள்ளட்டும். காலை நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், பகலில் ரத்தம் கசிந்தால் போய்க் காட்ட ஆள் இருப்பார்.

பல் பிடுங்கியதும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற கீட்டோரோலாக் மாத்திரை எழுதுவது வழக்கம். வலிக்கு அருமையாகக் கேட்கும். ஆனால் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு அது கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. பல் டாக்டர் பேனாவை எடுக்கும்போதே "ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஓடுது, பாரசிட்டமால் போதுமா?" என்று கேட்டுவிடுங்கள். எழுதித் தந்த சீட்டை வாங்கியதும் இங்கே படம் போடுங்கள், இந்த முறை கடைசி வரியில் டி இருக்கிறதா என்று நான் பந்தயம் கட்டத் தயார்.